பிளம்பர் வீட்டுக் கசிவு

என் மனைவியுடன் பிறந்தவனும், கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டால் பின்வாசல் வழியாக ஓடாமல் நின்று பேசுகிற நம் குடும்பத்தின் ஒரே ஆண்பிள்ளையுமான தம்பிக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அக்கா சௌக்கியம். நானும் நேற்றுக் காலை காபி குடிக்கும்வரை சௌக்கியமாகத்தான் இருந்தேன். இப்போது காய்ச்சல் இல்லை, ஆனால் ஒரு வரிகூட நேராகப் போகவில்லை. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனும் அந்த வைஃபை பெட்டியில்தான் தண்ணீர் குடிக்கிறது, அதை நம்பி எப்படிப் பேசுவது? பேனாவுக்கு வயர் கிடையாது. உங்கள் ஊர் வழியாகப் போகிற பஸ் டிரைவர் எனக்குத் தெரிந்தவர், அவர் வீட்டுக் குழாயெல்லாம் நான் போட்டதுதான். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. அக்கா தயாரித்து வைத்திருந்த ஆண்டுத் தேர்வு வினாத்தாள் களவு போய்விட்டது. எடுத்தவர் பெயர்கூடத் தெரியும்: மாமா. கதவைத் திறந்துவிட்டவன் நான்.

இந்த வருஷம் இந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடம் அத்தனைக்கும் கணக்குத் தாளை அக்காதான் தயாரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் தூக்கத்தில்கூட எண் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமுன் ஒரு வருஷம் வேறொரு பள்ளி டீச்சர் வீட்டிலிருந்து தாள் வெளியே போய், விசாரணை, சஸ்பெண்ட் என்று ஆகி, அந்த அம்மா இன்றைக்கும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறார். அதை அக்கா என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நீ போன லீவில் வந்து மடித்து வைக்கிற புது கம்ப்யூட்டரை முன்னறையில் வைத்துக் கொடுத்தாய் அல்லவா, அக்காவுக்கு அது இன்னும் கைக்கு அடங்கவில்லை. பின்னறையில் என் குழாய் எல்போ, டீ, வால்வு மூட்டைகளுக்கு நடுவே இருக்கிற பழையதில்தான் தாள் முழுவதையும் அடித்தாள். அது இப்போது காற்று இழுக்கிற மோட்டார் மாதிரி சத்தம் போடுகிறது. இருபது வருஷமாக மோட்டார் சத்தம் கேட்டு வயிறு வளர்க்கிறவன் நான். இந்தச் சத்தம் வந்தால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அக்காவோ, "தம்பி வந்து புதுசுக்கு மாத்திக் குடுப்பான், அதுவரைக்கும் நீங்க அதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பயிற்சி வகுப்பு என்று சனிக்கிழமை விடியலில் கிளம்பிவிட்டாள். திங்கள் மாலை வருவாள். நடுவில் பழையது மண்டையைப் போட்டால் தாளும் அதனோடு போகும், அவள் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலியோடு அடித்ததெல்லாம் போகும் என்று எனக்குப் பயம். சும்மா இருந்திருக்கலாம். பயந்தவன் சும்மா இருந்ததாகச் சரித்திரம் உண்டா?

உனக்குப் போன் போட்டேன். பென் டிரைவில் எடுத்து இதில் போட்டால் வேலை முடிந்தது என்றாய். பழையதில் பென் டிரைவ் செருகுகிற ஓட்டை வேலை செய்யாது என்று நான் சொன்னேன், ஏன் என்று நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அது லூசாக இருந்தது, குழாய் மூட்டில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் செருகினேன். குழாயென்றால் நின்றிருக்கும். நீயோ, சரி, அப்படியென்றால் இரண்டையும் நெட்வொர்க்கில் இணைத்துவிடுங்கள், பழையதை வயர் வழியாகவும் புதியதை வயர் இல்லாமலும் ஒரே வைஃபை பெட்டியில் கோர்த்தால் ஒன்றிலிருப்பதை இன்னொன்றில் பார்க்கலாம், புதியதற்குப் பழையதின் பேச்சு புரியாது, அதனால் பழைய பேச்சைப் பேசு என்று புதியதின் உள்ளே ஓரிடத்தில் டிக் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். எனக்கு எல்லாம் புரிந்தது. எனக்கு எல்லாம் புரிகிற நாளில்தான் வீட்டில் ஏதாவது உடையும்.

இணைப்பதற்குமுன் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, உன்னிடம் கேட்க வெட்கமாக இருந்தது. இரண்டு தொட்டியை ஒரு குழாய் போட்டு இணைத்தால் நிறைந்த தொட்டியிலிருந்து காலித் தொட்டிக்குத் தண்ணீர் போய் இரண்டிலும் மட்டம் சமமாகும். அப்படியென்றால் தாளில் பாதிக் கேள்வி புதியதற்குப் போய், பாதிதானே பழையதில் நிற்கும்? மேலும் நீ 'பகிர்' என்று வேறு சொன்னாய். எங்கள் அப்பா இருந்த வீட்டை அண்ணனும் நானும் பகிர்ந்தபோது எனக்கு வந்தது மாடிப்படியும் கிணறும். பகிர்ந்தபிறகு முழுசாக ஒன்று யாரிடமாவது இருந்ததை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நீ, "ஒண்ணும் ஆகாது மாமா, துணிஞ்சு பண்ணுங்க" என்றாய். துணிந்தேன்.

பழையதில் அக்காவின் ஃபோல்டரைப் பகிரப் போனால் யாருக்குப் பகிர என்று அது கேட்டது. அக்கா பெயரைப் போட்டேன், தெரியாது என்றது. என் பெயரைப் போட்டேன், தெரியாது என்றது. சொந்த வீட்டில் நம் காசில் வாங்கிய பெட்டி நம்மைத் தெரியாது என்றால் எப்படி இருக்கும் சொல். புதியதோ பாஸ்வேர்டு பாஸ்வேர்டு என்று வாசலில் நின்ற காவல்காரன் மாதிரி அதையே கேட்டுக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு கேட்காதே என்று ஒரு டிக் இருந்தது, போட்டேன். பிறகு பட்டியலில் 'எல்லோரும்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் என்றால் நானும் அக்காவும், மொத்தம் ரெண்டு பேர். அதை அழுத்தினேன். படிக்க மட்டுமா, எழுதவுமா என்று கேட்டது. கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். உன் அக்காளோடு குடும்பம் நடத்தி வந்த பழக்கம்.

வேலை செய்தது! முன்னறைக்கு ஓடிப் போய்ப் புதியதில் பார்த்தால், பழையதின் ஃபோல்டர் அப்படியே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கணக்குத் தாளைத் திறந்தேன். பாதியா முழுசா என்று கடைசிவரை உருட்டிப் பார்த்தேன். முழுசு. சத்தியமாகச் சொல்கிறேன், கேள்வியைப் படிக்கவில்லை, எண்ணினேன், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் படித்துவிட்டேன், அதில் குழாய் என்று இருந்ததால் கண் தானாக நின்றுவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன். அப்புறம் இங்கே முழுசாக வந்திருந்தால் அங்கே காலியாகியிருக்குமே என்று தோன்றியது. புதியதை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன். பழையதில் அதே தாளைத் திறந்தேன். தம்பி, அப்போதுதான் அது வந்தது. சின்னப் பெட்டி. மஞ்சள் நிற முக்கோணம். உள்ளே எழுதியிருந்தது:

'இந்தக் கோப்பு பூட்டப்பட்டுள்ளது. தற்போது பயன்படுத்துபவர்: மாமா.'

நான் முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. மறுபடி பார்த்தேன், மாமா அங்கேயே இருந்தார். புது கம்ப்யூட்டர் என்றால் 'டீச்சர்' என்றல்லவா வர வேண்டும்? நீ அக்காவுக்காகவே வைத்தாய், திறந்தால் அது 'வருக டீச்சர்' என்றுதானே சொல்கிறது. ஆகவே இது வேறு ஆள். 'எல்லோரும்' என்று நான் கூப்பிட்டேன், எல்லோரில் ஒருத்தர் வந்துவிட்டார். வந்தவர் சும்மா எட்டிப் பார்க்கவும் இல்லை, உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார்!

லீக் என்றால் என் தொழிலில் முதல் வேலை மெயின் வால்வை மூடுவது. வீட்டு மெயின் ஸ்விட்சைப் பிடுங்காத குறையாக இறக்கினேன். வைஃபை பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி என் கருவிப் பைக்குள் பைப் ரெஞ்சுக்கு அடியில் வைத்து ஜிப் போட்டேன். பிறகு ஃபேன் இல்லாத வீட்டில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துக் கொத்தனார் வந்தார், என்னோடு பல வருஷமாக வேலைக்கு வருகிறவர்.

"என்னய்யா, பட்டப்பகல்ல கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்க? கரண்ட் இல்லையா?"

"நான்தாண்ணே நிறுத்தினேன்."

"ஏன், ஷாக் அடிச்சிருச்சா?"

"அடிச்சிருச்சு. அண்ணே, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குள்ள மாமான்னு ஒருத்தர் வந்தா அது யாரு?"

அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை அடியோடு சாய்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமான்னா போலீஸுய்யா. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இப்பல்லாம் அவங்க வீட்டுக்கு வர்றதில்ல, உக்காந்த எடத்துல இருந்தே உள்ள பூந்து பாக்கறாங்களாம். நீ உள்ள என்ன வச்சிருந்த?" என்றார்.

"அதைச் சொல்லக் கூடாதுண்ணே."

"சொல்லக் கூடாததா? அப்ப போலீஸேதான்" என்று எழுந்துவிட்டார். வேலைக்குக் கூப்பிட வந்தவர் கூப்பிடாமலே போய்விட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "என் நம்பர் உன் போன்ல இருந்தா அழிச்சிரு" என்றார். ஆபத்துக்கு நிற்கிற நண்பன் என்றால் அவர்தான், எதிர்த் தெருவில் நிற்பார்.

போலீஸ் எதற்காக பள்ளிக்கூடக் கணக்கைப் படிக்க வேண்டும் என்று யோசித்ததில் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மூச்சு போகுமுன் மாடியிலிருந்து ஒரு குரல்: "மாமா! சார்ஜர் எங்க வச்ச?" மாடி வீட்டுப் பெண், அக்காவின் வகுப்பிலேயே படிக்கிறவள். மாமா என்றது அவள் அம்மாவின் தம்பியை. அவன் எங்கே வேலை பார்க்கிறான் தெரியுமா? மொபைல் கடையில்! எங்கள் வைஃபை பாஸ்வேர்டை அவர்களுக்குக் கொடுத்தவன் யார்? நான்தான், மாடியில் குழாய் மாற்றப் போனபோது நல்ல மனசில் கொடுத்தேன். எனக்குத் தலை கிர்ரென்றது. மாணவி மேலே, மாமா மேலே, வைஃபை நம்முடையது. இனி கோர்ட்டில் சொல்ல என்ன பாக்கி?

ஆனால் ஆதாரமில்லாமல் ஒருவனைப் பிடிக்கக் கூடாது. சுவரில் ஈரம் தெரிந்தால் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்போம்? சந்தேகப்பட்ட குழாயில் கொஞ்சம் நீலம் கரைத்து விட்டுவிட்டுக் காத்திருப்போம். நீலம் எங்கே எட்டிப் பார்க்கிறதோ அதுதான் வழி. அதே முறையை இங்கேயும் செய்தேன். தாளில் நான் படித்த அந்த ஒரு கேள்விதான் என் நீலம். ஒரு குழாய் ஒரு தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள ஓட்டை நிறைந்த தொட்டியைப் பத்து மணி நேரத்தில் காலியாக்கும். இரண்டும் திறந்திருந்தால் தொட்டி நிறைய எவ்வளவு நேரமாகும்? இதை நான் கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? பிளம்பர் தொட்டியைப் பற்றிப் பேசுகிறான் என்றுதானே நினைப்பார்கள்! முகத்தைப் பார்ப்பது, ஏற்கெனவே படித்தவன் என்றால் முகம் காட்டிக்கொடுக்கும். இந்த யோசனை தோன்றியபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அதிலேயே விழித்திருக்க வேண்டும்.

மாடிக்குப் போனேன். உங்கள் தொட்டியைப் பார்க்க வந்தேன் என்றேன். மாமாக்காரனிடம் கேள்வியை அப்படியே விட்டேன். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓட்டைய அடைக்காம எவன் சார் தண்ணி விடுவான்?" என்றான். நியாயமான பதில், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெண் தலையை நீட்டி, "பதினஞ்சு மணி நேரம் அங்கிள்" என்றாள். ஒரு நொடிகூட ஆகவில்லை!

"எப்படிம்மா டக்குனு சொன்ன?"

"டீச்சர் இந்த மாதிரி நெறைய குடுத்திருக்காங்க. இதுல எண்ணு மட்டும் புதுசு. எங்க இருந்து அங்கிள் எடுத்தீங்க?"

"ஒரு வீட்டுத் தொட்டிம்மா" என்றேன். படியிறங்கும்போது படிக்கு ஒரு தடவை எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். சொன்னது விடை தெரிந்ததாலா, வினா தெரிந்ததாலா? நீலம் வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது.

தாள் வெளியே போனால் பிரதி எடுக்கத் தேடிப் போகிற இடம் எது, ஜெராக்ஸ் கடை. அங்கேயும் போனேன். "அண்ணே, இந்த மாதிரி ஒரு கணக்கு யாராவது பிரதி எடுக்கக் கொண்டுவந்தாங்களா?" என்று கேட்டேன். என்ன கணக்கு என்றார். சொன்னேன். அவர் ஒரு தாளில் எழுதி, தலைகீழாக, பக்கவாட்டில் எல்லாம் திருப்பிப் பார்த்து, "தொட்டி நெறையவே நெறையாதுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர் நிறையும் என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றியது. அவர்கள் முகத்தில் நீலம் துளிகூட இல்லை. ஆனால் யாருக்குத் தெரியும், திருடன் நடிக்க மாட்டானா? நான் நழுவி வந்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் மெயின் இன்னும் போடவில்லை. அக்காவிடமிருந்து போன் வந்தது, "என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தொண்டை என்றேன். "பழசுல கை வெச்சீங்களா?" என்றாள். வைக்கவில்லை என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொன்ன பொய் எதுவும் அவளிடம் மூன்று நாள் தாண்டியதில்லை. தம்பி, எனக்கு வேலை போனால் குழாய் இல்லாத ஊரில்லை, எங்கேயும் பிழைப்பேன். அவளுக்குப் பாடம் சொல்வதுதான் மூச்சு. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார நான் காரணமாகிவிட்டால் அந்த வீட்டில் எந்த மூலையில் நான் உட்காருவது? அதனால் இந்தக் கடிதம் கண்டதும் லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வா. அக்கா வருவதற்குள் வந்து அந்த மாமா யார், எவ்வளவு படித்தார், மேற்கொண்டு யாருக்குக் கொடுத்தார் என்று கண்டுபிடித்து அவரை வெளியே அனுப்பு. அக்காவிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் குறையாத ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டும், உன் பிள்ளை பெரிய படிப்புப் படித்து உனக்கு வாய்த்ததைவிட நல்ல மாமன்மார்களைப் பெற வேண்டும் என்று மனதார வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
உன் அன்புள்ள மாமா

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டுவிட்டு, போட்ட சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து முன்னறைக்குப் போனேன். பேட்டரியில் தூங்கிக்கொண்டிருந்த புதியதைத் தட்டி எழுப்பினேன். நான் மூடாமல் விட்டுவந்த தாள் அப்படியே திறந்து கிடந்தது. அதன் தலையில் ஓரமாக, 'மாமா'. டைப் அடிக்கிற அந்த சாஃப்ட்வேரை நீ போட்டபோது பெயர் கேட்டது, "உங்க பேருலயே போட்டுடறேன் மாமா" என்று நீ போட்டாய். போட்டது என் பேரில்லை தம்பி, நீ என்னைக் கூப்பிடுகிற பேர். ஆக உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படித்தவரும் நான், வெளியே நின்று கதவைத் தட்டியவரும் நான். போலீஸ் இல்லை, மாடி வீட்டுக்காரன் இல்லை, எந்தத் தாளும் எங்கும் போகவில்லை. மெயினைப் போட்டேன், ஃபேனுக்கடியில் மல்லாந்து படுத்து வாய்விட்டுச் சிரித்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் திங்கள் மாலை அக்கா வந்துவிட்டாள். கையில் ஒரு காகிதம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை வாசலில் ஒட்டியிருந்ததாம்: 'இந்தக் கணக்குக்குச் சரியான விடை சொன்னால் பத்துப் பிரதி இலவசம்.' கீழே என் தொட்டி, என் குழாய், என் ஓட்டை. கடை முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாம், மாடி வீட்டுப் பெண் ஏற்கெனவே பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். அக்கா கத்தவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், டெஃப்லான் டேப் உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டு, "எத்தனை பேருக்குச் சரியா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு தேர்வு அலுவலகத்துக்கு அவளே போன் போட்டு, ஒரு கேள்வி வெளியே தெரிந்துவிட்டது, தாளை மாற்றித் தருகிறேன் என்றாள். எப்படி வெளியே போனது என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல. என்னைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல ஒரு லீக் சார். எங்க வீட்டுக்காரரு பிளம்பர்" என்றாள். அந்த அதிகாரி சிரித்தது எனக்கே கேட்டது. நாளைக்குள் புதுக் கேள்வி அனுப்பினால் போதும் என்றாராம். அவள் சிரிக்கவில்லை, அதனால் எனக்குப் பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஆகவே நீ லீவு போட வேண்டாம், வர வேண்டாம். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் உடனே பதில் போடு. தொட்டிக் கணக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரயில் கணக்கு வைக்கப் போகிறாள். நம் சொந்தத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர் யாராவது இருக்கிறார்களா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள்.